காய்ச்சலோடு ஓட வேண்டாம்



செப்டம்பர் பிறந்துவிட்டது. பள்ளிக்கூடங்கள் திறந்து, பிள்ளைகள் புத்தகப் பையோடு தடிமனையும் இருமலையும் வீட்டுக்குக் கொண்டுவரும் காலம் இது. இதே மாதத்தில்தான் ரெறி பொக்ஸ் ஓட்டமும் வருகின்றது. நம் இளையோர் பலரும் பெற்றோர் சிலரும் 5 கிலோமீற்றர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். மனமார வாழ்த்துகிறேன். எனினும், “சுவாமி, இரண்டு நாளாய் உடம்பு சுடுகிறது. 5 கிலோமீற்றர்தானே, ஒரு டைலனோலைப் போட்டுக்கொண்டு ஓடிவிடுவேன்” என்ற பேச்சு ஆண்டுதோறும் என் காதில் விழுகின்றது. இதை வீரம் என்று பாராட்ட என்னால் இயலாது.

முதலில் உடலின் நியாயத்தைக் கேளுங்கள். மூக்கு ஒழுகல், தும்மல், இலேசான தொண்டைக் கரகரப்பு ஆகியவை கழுத்துக்கு மேலே நிற்பவை. இவற்றோடு மெதுவாக நடப்பதில் பெரும்பாலும் தீங்கில்லை என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. காய்ச்சல், நெஞ்சுச் சளி, மூச்சுத் திணறல், உடல் முழுவதும் உளைவு, வயிற்றோட்டம் இருந்தால் ஓடவே கூடாது. காய்ச்சலில் இதயம் ஏற்கெனவே விரைந்து துடிக்கின்றது. உடலின் நீரும் குறைகின்றது. சில வேளைகளில் வைரசுக் கிருமி இதயத் தசையையே தாக்கி வீங்கச் செய்யும். இது அரிதுதான். ஆனால் அந்நிலையில் கடுமையாக ஓடுபவரின் இதயத் துடிப்பு தாளம் தவறி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மாத்திரை வெப்பத்தை இறக்குமேயன்றி நோயை அகற்றாது. வெப்பமானியை ஏமாற்றலாம், இதயத்தை ஏமாற்ற முடியாது.

“ரெறி பொக்ஸ் வலியோடு ஓடவில்லையா?” என்று இளையோர் என்னைக் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த அந்த இளைஞர், 1980 ஏப்ரல் 12இல் நியூபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில் தம் ஓட்டத்தைத் தொடங்கினார். செயற்கைக் காலோடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர் ஓடினார். வலியும் புண்ணும் அவருக்குப் புதியவை அல்ல. ஆயினும் 143 நாள்களில் 5,373 கிலோமீற்றர் கடந்தபின், செப்டம்பர் 1ஆம் நாள், தண்டர் பே அருகே, இருமலும் நெஞ்சுவலியும் மிகுந்தபோது அவர் நின்றார். மருத்துவமனைக்குச் சென்றார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. பசிபிக் கரையைத் தொட வேண்டுமென்ற தம் கனவைப் பாதி வழியில் விட்டுவிட்டு, நாடு முழுவதும் பார்த்திருக்க, கண்ணீரோடு வீடு திரும்பினார்.

அவர் நின்றதால் அவருடைய நோக்கம் நின்றுபோயிற்றா? கனடியர் ஒவ்வொருவருக்கும் ஒரு டொலர் என்ற கணக்கில் 24 மில்லியன் டொலருக்கு மேல் 1981 பெப்ரவரிக்குள் சேர்ந்தது. அவர் இறந்த அதே ஆண்டின் செப்டம்பரில் முதல் நினைவு ஓட்டம் நடந்தது. அதில் பரிசு இல்லை, முதலிடம் இல்லை; நடக்கலாம், ஓடலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். வெற்றியாளர் என்று எவரையும் அறிவிக்காத ஓட்டத்தில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு யாரை வெல்லப் போகிறோம்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தத் திடலில் உங்கள் அருகே நிற்பவர் யார்? புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் இன்னும் மருந்தேற்றிக்கொண்டு இருப்பவர்களும் அங்கே வருகிறார்கள். அவர்களுடைய எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும். உங்களுக்கு மூன்று நாள் படுக்கையாக முடியும் காய்ச்சல், அவர்களுக்கு மருத்துவமனை வாசமாகலாம். நோயுற்றோருக்காக ஓடப் போய் நோயைப் பரப்பிவிட்டு வருவது பிறரன்பு ஆகாது.

நம் திருச்சபையின் மனநிலையும் இதுவே. ஞாயிறு திருப்பலிக் கடமையிலிருந்தே நோயாளருக்கு விலக்கு உண்டு. நோன்புச் சட்டமும் நோயாளரை வற்புறுத்துவதில்லை. கடவுளுக்குரிய கடமையில் இவ்வளவு இரக்கம் காட்டப்படும்போது, மார்பில் குத்திய ஓர் எண் அட்டைக்காக நாம் நம்மீது இரக்கமற்றவர்களாய் இருப்பது ஏன்? உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடைகள், அவற்றைப் பேணுவது நம் கடமை என்று மறைக்கல்வி போதிக்கின்றது. உடலை வழிபாட்டுப் பொருளாக்கி, விளையாட்டு வெற்றிக்கு எல்லாவற்றையும் பலியிடும் போக்கையும் அது கண்டிக்கின்றது.

பந்தய வீரர்களைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய திருத்தூதர் பவுல் சிறப்பித்துக் கூறுவது அவர்களுடைய தன்னடக்கத்தை. நண்பர் எல்லாரும் ஓடும்போது வீட்டில் படுத்திருக்கத்தான் மிகுந்த தன்னடக்கம் வேண்டும். எலியாவையும் நினையுங்கள். ஆகாபின் தேருக்கு முன்னே ஓடிய அதே இறைவாக்கினர், அடுத்த அதிகாரத்தில் சூரைச் செடியின் அடியில் சோர்ந்து விழுகிறார். வானதூதர் அவரைக் கடிந்து எழுப்பி ஓடச் சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் உறங்க விட்டார். நெடும்பயணம் அதற்குப் பிறகே தொடங்கிற்று.

சோம்பலுக்கு நான் அனுமதிச் சீட்டு எழுதித் தரவில்லை. ஒரு தும்மலைச் சாட்டாக்கிப் போர்வைக்குள் புகுந்துகொள்பவர் எழுந்து நடக்கட்டும். குளிர்நாட்டில் கதவடைத்து வாழும் நமக்கு இத்தகைய ஓட்டங்கள் மிகவும் தேவை. ஆனால் காய்ச்சல் உள்ளவர் ஓட வேண்டாம். சேர்த்த காணிக்கையைத் தோழர் ஒருவரிடம் கொடுத்தனுப்புங்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்து, திடலில் நிற்போருக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள். குணமாகிச் சில நாள் கழிந்தபின், அதே 5 கிலோமீற்றரைப் பூங்காவில் நடந்து முடியுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் என்னிடம் கேட்கவேண்டாம். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெற்றோரே, இறுதியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். “காசு சேர்த்துவிட்டு ஓடாமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்?” என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், “இந்த முறை இரு, ராசா” என்று சொல்லுங்கள். ஊரின் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இறையாசீர் உங்களோடு என்றும் இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை