தார்ப்பாய்க்குள் தூங்கும் கார்

சில வீடுகளின் பின்பக்கம் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நிற்கும். அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினியாக இருக்கும், அல்லது தாத்தாவின் அம்பாசடராக இருக்கும். பத்மினி தயாரிப்பு 2001-லும் அம்பாசடர் தயாரிப்பு 2014-லும் நின்றுபோனதால், 'இனிமேல் இப்படியொரு வண்டி கிடைக்காது' என்று ஆசையாக வேலையை ஆரம்பித்திருப்பார்கள். டிங்கரிங் முடிந்து, பட்டி பார்த்து, சாம்பல் நிறப் பிரைமரும் அடித்த நேரத்தில் கல்யாணச் செலவோ காலேஜ் ஃபீஸோ குறுக்கே வந்திருக்கும். அதோடு வேலை நின்று வருஷங்கள் ஓடியிருக்கும்.

இப்போது கையில் கொஞ்சம் பணம், மனதில் கொஞ்சம் தெம்பு. தார்ப்பாயை விலக்கினால் பிரைமர் அப்படியே இருக்கிறது. 'லேசாகத் தேய்த்துவிட்டுப் பெயின்ட் அடித்துவிடலாமே' என்று தோன்றும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

அந்தச் சாம்பல் பூச்சு பெரும்பாலும் சர்ஃபேசர். பட்டியின் மேலுள்ள கீறல்களை நிரப்பவும், சுலபமாகத் தேய்க்க வரவும் டால்க் போன்ற மாவுப் பொருள்களை நிறையச் சேர்த்துச் செய்வது. எனவே அது ஈரத்தை உறிஞ்சும். மேலே பெயின்ட் இல்லாமல் பல மழைக்காலங்களைக் கடந்தால் ஈரம் தகடு வரைக்கும் இறங்கிவிடும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பிரைமரை அடியிலிருந்து தூக்கும். வெளியே கடுகளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே காசளவு துரு இருக்கலாம்.

இது அழகுப் பிரச்னை மட்டுமல்ல. பத்மினிக்கும் அம்பாசடருக்கும் லாரி போலத் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் மொத்த எடையையும் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியைத் துரு தின்றுவிட்டால், வண்டியின் வலுவே போய்விடும். அங்கே பட்டி வைத்து மறைப்பது ஆபத்து. கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யத்தான் வேண்டும்.

பழைய பிரைமரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தின்னரில் நனைத்த துணியை ஒரு நிமிஷம் வைத்துத் தேய்க்க வேண்டும். பூச்சு கரைந்து துணியில் ஒட்டினால் அது ஹார்டனர் கலக்காத ரகம். அதன்மேல் புதிய இரட்டைக் கலவைப் பெயின்ட் அடித்தால் சுருங்கிக்கொள்ளும். நீண்ட நாள் வெறும் பிரைமரோடு நின்ற வண்டிக்கு, தகடு தெரியும்வரை சுரண்டி எடுப்பதே நல்லது.

அப்புறம் எந்தப் பிரைமர்? கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற ரெட் ஆக்ஸைடு காருக்கு ஒத்துவராது. அமிலம் கலந்த எட்ச் பிரைமர் வெறும் தகட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் தனியாக நாள்கணக்கில் ஈரத்தைத் தாங்காது, அதன்மேல் நேரடியாகப் பட்டியும் வைக்கக் கூடாது. எபாக்ஸி பிரைமர்தான் தகட்டை ஈரத்திலிருந்து நன்றாக அடைக்கும். முதலில் எபாக்ஸி, அதன்மேல் பட்டி, பிறகு சர்ஃபேசர், கடைசியில் பெயின்ட். இந்த வரிசையில் போனால் தகடு திறந்து கிடக்காது.

எபாக்ஸிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒருமுறை நின்ற வேலை மறுபடியும் நிற்கலாம். கூரைக்குக் கீழே இருந்தால் எபாக்ஸி அடித்த கதவு மாதக்கணக்கில் காத்திருக்கும். டின்னில் போட்டிருக்கும் கெடு தாண்டிவிட்டால், எமரி பேப்பரால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு அடுத்த கோட் அடிக்கலாம். வெயிலில் மட்டும் விடக் கூடாது. மேற்பரப்பு சுண்ணாம்பாக உதிரும்.

சுரண்டிய தகட்டை வெறுங்கையால் தொடக் கூடாது, வியர்வையே துருவுக்கு விதை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்து, தை, மாசியில் செய்வது உத்தமம்.

இரட்டைக் கலவை சர்ஃபேசர், பெயின்ட் இவற்றின் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. சாதாரண துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஸ்ப்ரே வேலையைத் தகுந்த பாதுகாப்பு உள்ள பெயின்டரிடம் விடுவதே நல்லது. பழைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம்; தேய்க்கும் இடத்துக்குக் குழந்தைகள் வரக் கூடாது.

மொத்த வண்டியையும் ஒரே மூச்சில் பிரிக்க வேண்டியதில்லை. இந்த மாதம் ஒரு கதவு, அடுத்த மாதம் டிக்கி மூடி. முடிந்ததை உடனே எபாக்ஸியால் மூடிவிட வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் தார்ப்பாயையும் மாற்றிவிடலாம். அதற்குள் வேர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லை. காற்றுப் புகும் துணி உறைதான் வண்டிக்கு நல்லது.