வாய் திறவாமல் கழிந்த ஐந்தாண்டு

கெலுகோரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து நாங்கள் நால்வரும் இதை எழுதுகிறோம். 2025-ஆம் ஆண்டில் ஐந்தாம் படிவம் முடித்து, எஸ்.பி.எம். தேர்வும் எழுதிவிட்டவர்கள் நாங்கள். எங்கள் பாட்டன் பாட்டிமார் கடலுக்கு அக்கரையில், செபராங் பிறைத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டங்கள் கைமாறி வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் ஆனபின், எங்கள் பெற்றோர் பாலத்தைத் தாண்டித் தீவுக்குப் பிழைக்க வந்தார்கள். உறவினரில் சிலர் இன்னும் விடியுமுன் உளியும் வாளியுமாய் நிரைக்குப் போகிறவர்களே. ஆகவே இப்பத்திரிகையைப் படிக்கும் தொழிலாளத் தோழர்களுக்கும் கிராணிமார்களுக்கும் நாங்கள் அந்நியரல்லர்.

இடைநிலைப்பள்ளிக் காலத்தை நன்கு பயன்படுத்திக்கொள்வது எப்படி என்று கேட்டால், நேரத்தோடு படி, விளையாட்டைக் குறை, கைப்பேசியை ஒதுக்கிவை என்று பெரியோர் பலவும் சொல்வார்கள். அவையெல்லாம் சரியே. ஆனால், திரும்பிப் பார்க்கையில் எங்கள் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. கேட்கவேண்டிய வேளையில் நாங்கள் வாய் திறந்து கேட்கவில்லை!

நாங்கள் முதலாம் படிவத்தில் சேர்ந்த 2021-இல் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் பல மாதங்கள் மூடிக்கிடந்தன. வீட்டுக்கு ஒரு கைப்பேசி; அதைப் பிள்ளைகள் மூவர் பங்குபோட்டுப் படித்தோம். பள்ளி திறந்தபோது, தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்ற விஞ்ஞானம் மலாய்மொழியில் எதிர்வந்து நின்றது. ஒளிச்சேர்க்கை என்றால் எங்களுக்குத் தெரியும். ஃபோட்டோசிந்தேசிஸ் என்றால் விழித்தோம். பாடம் முடிந்ததும் ஆசிரியை, "ஃபாஹாம்?" என்று கேட்பார். "ஃபாஹாம், சிக்கு!" என்று வகுப்பே கூவும். எங்கள் குரலும் அதில் சேர்ந்திருக்கும். புரிந்தது என்று சொன்னோமே தவிர, ஒன்றும் புரியவில்லை. ஆசிரியை கடிந்துகொள்பவர் அல்லர், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர் சிரிப்பார்களோ என்று அஞ்சியே இரண்டாண்டைக் கழித்தோம்.

தமிழ்ப்பள்ளியில் நாங்கள் ஐவராக இருந்தோம். ஐந்தாமவன் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். மலாய்மொழியில் பின்தங்கியதால் அவனைப் புகுமுக வகுப்புக்கு, அதாவது பெராலிஹானுக்கு, அனுப்பினார்கள். நாங்கள் முதலாம் படிவம் போனோம். அவன் ஓராண்டு பின்னே நின்றான். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். முதலில் லாரியில் உதவியாள்; இன்று பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அவன் ஏன் நின்றான் என்று பள்ளியில் எவரும் கேட்டதாய் நாங்கள் அறியோம். பிறரைக் குறைகூறி என்ன பயன்? ஒரே கட்டடத்தில் குடியிருந்த நாங்களும் கேட்கவில்லையே!

இந்த வாயடைப்பு எங்கிருந்து வந்தது? தோட்டத்து வரலாற்றைப் பார்த்தால் விளங்கும். பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவோடு பல இடங்களில் படிப்பு நின்றது. மேல்வகுப்புக்கு வழியென்ன என்று துரையிடம் கேட்க எவருக்குத் துணிவிருந்தது? பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதோடு சரி; எதிர்க்கேள்வி கேட்டவனுக்கு வேலையில்லை என்ற காலம் அது. அந்த அச்சம் லயத்திலிருந்து புறப்பட்டுப் பிள்ளையின் புத்தகப் பையிலும் ஏறிக்கொண்டது.

அந்த அச்சத்தைப் போக்கியது எது? தனித்தனியே இருந்த சங்கங்கள் 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமாக ஒன்றுபட்டன. ஒருவன் கேட்டால் அதிகப்பிரசங்கி; ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை. இதைச் சங்கம் நம் முன்னோருக்குக் கற்றுக்கொடுத்தது. சம்பளத்துக்குக் கேட்கக் கற்ற சமுதாயம் பிள்ளையின் படிப்புக்கு மட்டும் கேட்காமல் இருப்பது நியாயமா?

பெரியவர்கள் முன் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். பணிவு வேறு, ஊமையாய் இருப்பது வேறு. உளி பிடிக்கத் தெரியாதவன் தெரியாது என்று சொன்னால், மூத்தவர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுப்பார். தெரிந்ததுபோல் நடித்து ஆழமாய் வெட்டினால் பட்டை புண்ணாகிவிடும்; அந்த மரம் பின்பு பல ஆண்டு அவதிப்படும். படிப்பும் அப்படித்தான். முதலாம் படிவத்தில் விழுந்த புண் ஐந்தாம் படிவத்திலும் ஆறவில்லை என்பதை நாங்கள் பட்டு அறிந்தோம்.

இன்றைய நிலையில் பெற்றோர் கேட்பது முன்னைவிட அவசியமாகிவிட்டது. ஆறாம் ஆண்டுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவத்துக்கான பி.தி.3 தேர்வு 2022-இலும் அகற்றப்பட்டன. எங்களுக்கு எஸ்.பி.எம். ஒன்றே முதல் அரசாங்கத் தேர்வு. பிள்ளையின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால், எங்கள் காலத்தில் இடையிலே எச்சரிக்கை மணி அடிக்க அரசாங்கத் தேர்வு இருக்கவில்லை. பிள்ளை பின்தங்கியது ஐந்தாம் படிவ முடிவிலேதான் பெற்றோருக்குத் தெரியவருமானால், அப்போது செய்வதற்கு என்ன இருக்கிறது? மலாய்மொழியில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை, 2013 முதல் சரித்திரத்துக்கும் அதே விதி. ஆகவே முதலாம் படிவத்திலேயே, "என் பிள்ளை மலாய்மொழியில் எப்படி? சரித்திரத்தில் எப்படி?" என்று பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். ஒரு நாள் வேலை போகுமே என்று தயங்காதீர்கள்.

தாய்மொழிப் பாடத்திலும் இதே கதைதான். குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி போதிக்க வசதி செய்யவேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. பதினைந்து பேர் கையெழுத்து! ஒரு லயத்திலேயே திரட்டிவிடலாம். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எஸ்.பி.எம். பாடங்களே. சட்டம் கொடுத்திருந்தும் கேட்பாரின்றிப் போனால், குற்றம் யாருடையது?

எங்கள் கெலுகோரிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1969-இல் புக்கிட் கெலுகோர் ஆசிரியர் கல்லூரியில் இடம் பெற்றுத் தொடங்கி, பிறகு பிரிட்டிஷ் படையினரின் பழைய பாசறையான மிண்டனுக்குப் போன மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அது. ஐந்தாண்டும் அதன் வேலியோரமாய்ப் பஸ்ஸில் போய்வந்தோம். அதற்குள் நுழைய நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்களை எடுக்கவேண்டும், ஆறாம் படிவம் நல்லதா, மெட்ரிகுலேஷன் நல்லதா, கைத்தொழில் விரும்புகிறவனுக்குப் போலிடெக்னிக் உண்டா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஆளில்லாமலா போயிருக்கும்? 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தோற்றுவித்தபோது, பல்கலைக்கழகத்தில் படித்த நம் பிள்ளைகளே தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க முன்வந்தார்கள். ஏறிப் போனவர்கள் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை என்பதற்கு அது சாட்சி.

கிராணிமார்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். தோட்டத்தில் பாரம் நிரப்பத் தெரிந்தவர்கள் நீங்கள். உபகாரச் சம்பள மனு, மேற்படிப்பு மனு என்று ஒரு தாய் தயங்கி வந்து நின்றால், நாளை வா என்று சொல்லிவிடாதீர்கள். மனுவுக்கு உண்டான கடைசி நாள் கடந்துபோனால் ஒரு பிள்ளையின் ஓராண்டு போயிற்று.

தம்பி தங்கைகளே, புரியாததை அன்றன்றே கேளுங்கள். சிரிக்கிறவன் இரண்டு நாள் சிரிப்பான். மூன்றாம் நாள் அவனும் உங்களிடமே வந்து கேட்பான். கடைசி மாதத்தில் படித்துக்கொள்ளலாம் என்றிருப்பது, மாதமெல்லாம் மரத்தைத் தொடாமல் சம்பளத்துக்கு முதல்நாள் நிரை முழுவதையும் வெட்டப் புறப்படுவது போலாகும்.

இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. வரவேற்கிறோம். சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே கை தூக்கவேண்டியது பிள்ளை. தூக்கத் தைரியம் தரவேண்டியது வீடு.

எங்கள் பங்குக்கு ஒன்று தீர்மானித்திருக்கிறோம். சனிக்கிழமைதோறும் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், முதலாம் படிவப் பிள்ளைகளுக்கு மலாய்மொழியும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுப்போம். ஐந்தாமவனையும் போய்ப் பார்த்தோம். தனித்தேர்வாளராக எஸ்.பி.எம். எழுத வழியிருக்கிறது, சேர்ந்து படிப்போமா என்று கேட்டோம். பார்க்கலாம் என்றான். மூன்றாண்டுக்கு முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. அவன் சம்மதிக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.