வலிக்கும் சேர்த்துக் கைதட்டுகிறோம்

தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் முழங்காலில் க்ரேப் பேண்டேஜ் சுற்றிய போட்டியாளர் மேடையேறும்போது அரங்கமே நெகிழ்ந்துவிடுகிறது. ஒத்திகையில் அவர் விழுந்ததை முதலில் திரையில் காட்டுகிறார்கள். ஆடி முடித்ததும் நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். கிரிக்கெட்டில் ஒருவருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டால் பிசியோதெரபிஸ்ட் மைதானத்துக்குள் ஓடி வருகிறார். நடனத்தில் மட்டும் காயத்தோடு ஆடுவது தனித் தகுதியாகிவிடுகிறது. இதைப் பார்க்கும் பிள்ளைகள் வலியை மறைக்கப் பழகுகிறார்கள்.

பரதநாட்டியத்தையே எடுத்துக்கொள்வோம். முழங்கால்களை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையான அரைமண்டியில் கால்கள் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அது எவ்வளவு திரும்பும் என்பது பெரும்பாலும் எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. பயிற்சியால் ஓரளவுதான் கூட்டலாம். இடுப்பு ஒத்துழைக்காத பிள்ளை பாதங்களை மட்டும் பக்கவாட்டில் திருப்பிவைத்து உட்காரும். பார்வைக்கு மண்டி அழகாக இருக்கும். ஆனால், பாதம் ஒரு திசையிலும் தொடை இன்னொரு திசையிலும் நிற்க, நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அதே நிலையில் மூன்று கால வேகங்களிலும் தட்டிக்கொண்டே இருந்தால் முழங்கால் சில்லைச் சுற்றி வலி வரும், கீழ்முதுகும் பிடித்துக்கொள்ளும். மண்டி அடவில் முழங்காலே தரையில் மோதுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். முழங்காலுக்குக் கீழே புடைத்து வலிப்பது அந்த வயதில் அதிகம்.

தரையும் முக்கியம். அழுத்தினால் சற்றே கொடுக்கும் மரத்தளம் அதிர்வை வாங்கிக்கொள்ளும். சிமென்ட் தரையிலோ கிரானைட்டிலோ வெறுங்காலால் தட்டினால் அத்தனை அதிர்வும் குதிகாலுக்கும் கணுக்கால் எலும்புக்கும்தான் போகும். மேலே கம்பளம் விரித்தால் வழுக்காது, அவ்வளவுதான்.

இதற்காக நடனத்தைக் குறைசொல்ல முடியாது. நல்ல குரு அடவுகளை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றிக் கொடுப்பார். உடம்பும் அதற்கேற்பத் தேறும். போட்டி அந்தக் கால அளவைச் சுருக்குகிறது. சில நிமிட உருப்படிக்குள் வேகமான ஜதி, குதிப்பு, முழுமண்டி எல்லாவற்றையும் திணித்து, அதையே வாரக்கணக்கில் ஆடவைக்கிறது. உடல் எடையைக் குறைக்கச் சொல்லி வளரும் பெண்ணைப் பட்டினி போட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பும் பலமிழக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலேயே எச்சரித்த சிக்கல் இது.

விதியை மாற்றினால் வழக்கமும் மாறும் என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. 1957இல் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் தனிநபர் புள்ளிகளைக் கூட்டி கலாதிலகம், கலாப்பிரதிபா பட்டங்கள் வழங்கினார்கள். பட்டத்துக்காக ஒரே பிள்ளை பல பிரிவுகளில் ஆட வேண்டியிருந்தது. போட்டி எல்லை மீறியதும் பட்டங்களையே கைவிட்டார்கள். தமிழகத்தில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா, ஏழைப் பிள்ளைகளுக்கும் மேடை தந்திருக்கும் அருமையான முயற்சி. தொடக்கத்திலேயே அதைப் பாதுகாப்பானதாகவும் ஆக்கிவிடலாம்.

குழந்தைக் கலைஞர்கள் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன 2017ஆம் ஆண்டு மத்திய விதிகள். படப்பிடிப்புத் தளத்தில் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நள்ளிரவு வரை நீளும் ஒத்திகையை விட்டுவிடுவது நியாயமல்ல. காயம்பட்டவர் அந்தச் சுற்றில் ஆடாவிட்டாலும் அடுத்த சுற்றுக்கு வரலாம் என்று ஒரே ஒரு விதி எழுதினால், பேண்டேஜோடு மேடையேறுவது பெருமளவு குறைந்துவிடும். நடுவர்களும் மண்டி எவ்வளவு தாழ்ந்தது என்பதோடு முழங்கால் பாத விரல்களுக்கு நேராக நிற்கிறதா என்பதற்கும் மதிப்பெண் போட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தைலம் தேய்த்து அனுப்பிவிடாதீர்கள். பிள்ளை விரலால் தொட்டுக் காட்டும் ஒரே இடத்தில் வலி நாள்கணக்கில் நீடித்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எலும்பில் விழும் மெல்லிய விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிவரும்.