நாபோத்தின் தோட்டமும் சிகாகோவின் பசுமைப் பாதையும்

சிகாகோ என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது, திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்கள் 1955-ஆம் ஆண்டு பிறந்த நகர் என்பது. அந்நகரின் வடமேற்குப் பகுதியில், தெருவுக்கு மேலே ஒரு மாடி உயரத்தில், வீடுகளுக்கு நடுவே ஒரு பாதை செல்கிறது. காலையில் முதியவர்கள் நடக்கிறார்கள், வேலைக்குப் போவோர் சைக்கிளில் விரைகிறார்கள், தாய்மார் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்துச் செல்கிறார்கள். இருபுறமும் மரமும் செடியும். வாகனங்களெல்லாம் கீழே, பாலங்களுக்கு அடியில் ஓடுகின்றன.

இது ஒரு காலத்தில் சரக்கு இரயில் ஓடிய பாதை. 1870-களில் தெருவோடு தெருவாகப் போடப்பட்ட தண்டவாளம் அது. இரயிலில் அடிபட்டு மக்கள் இறந்தவண்ணம் இருந்ததால், தண்டவாளங்களை உயர்த்தியே ஆகவேண்டும் என்று நகராட்சி ஆணையிட்டது. 1910-களில் மண்மேடும் கான்கிரீட் சுவரும் எழுப்பி இப்பாதையை மேலே ஏற்றினார்கள். பின்னர் தொழிற்சாலைகள் மூடப்பட, இரயில்களும் குறைந்து, 2000-களின் தொடக்கத்தில் ஓட்டம் நின்றே போனது. களை மண்டிய அந்த மேட்டை நடைபாதையாக்குங்கள் என்று அக்கம்பக்கத்து மக்களே கேட்டார்கள். லோகன் ஸ்கொயர், நகரிலேயே பூங்கா இடம் மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. அருகிலுள்ள ஹம்போல்ட் பார்க்கைப் போலவே, போர்த்தோ ரிக்கோவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்த உழைக்கும் குடும்பங்கள் நிறைந்த இடம். நம்மைப் போல் ஞாயிறு திருப்பலிக்குக் குடும்பமாகச் செல்லும் மக்கள் பலர் அங்கே உண்டு.

ஏறக்குறைய 9 கோடியே 50 இலட்சம் டாலர் செலவில் பணி முடிந்து, 2015-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி பாதை திறக்கப்பட்டது. நீளம் 4.3 கிலோமீட்டர். சிகாகோவின் அஞ்சல் குறியீடுகள் எல்லாம் 606 என்று தொடங்குவதால், எல்லாருக்கும் உரியது என்ற பொருளில் 'தி 606' என்று பெயர் வைத்தார்கள். அழகான பெயர்தான். ஆனால் எல்லாருக்கும் உரியதாக அது நிலைத்ததா?

கிழக்குப் பகுதியில் வசதி படைத்தோர் ஏற்கனவே குடியேறிவிட்டார்கள். மேற்கில்தான் மாற்றம் பெரிதாக இருந்தது. புனித வின்சென்ட் தே பால் துறவு சபையினரால் தொடங்கப்பட்ட தே பால் பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு நிறுவனம் 2016-இல் கணக்கெடுத்தது. 2013-இல் கட்டுமானம் தொடங்கியதிலிருந்து மேற்குப் பகுதியில் வீட்டு விலை 48 விழுக்காடு ஏறியிருந்தது. நம் திரு அவையின் பல்கலைக்கழகம் ஒன்று இதை அளந்து சொன்னது என்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு, சொன்ன செய்தியில்தான் இல்லை.

விலை ஏறினால் வீடு வைத்திருப்பவருக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். விற்றுவிட்டுப் போகிறவருக்கு நல்லது. அங்கேயே வாழ விரும்புகிறவருக்குச் சொத்துவரி ஏறுகிறது, வாடகைக்கு இருப்பவருக்கு வாடகை ஏறுகிறது. அப்பகுதியில் இரண்டு தளம் கொண்ட பழைய செங்கல் வீடுகள் அதிகம். கீழே உரிமையாளர் குடும்பம், மேலே ஒரு வாடகைக் குடும்பம், பல சமயம் உறவினரே. இத்தகைய வீட்டை வசதியுள்ள ஒருவர் வாங்கி இரண்டு தளத்தையும் ஒரே வீடாக்கிக்கொண்டால், இரண்டு குடும்பம் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சும். அல்லது இடித்துவிட்டு மாளிகை கட்டுவார். போகும் குடும்பத்தோடு மறைக்கல்வி வகுப்பிலும் பாடகர் குழுவிலும் ஓர் இடம் காலியாகிறது.

அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் பிரிவு நம் நினைவுக்கு வருகிறது. ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது கோட்டை கட்ட அன்று, காய்கறித் தோட்டம் போட. அரண்மனைக்கு அருகில் இருந்ததுதான் காரணம். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணமும் தருகிறேன் என்றான். சந்தைக் கணக்குப்படி நியாயமான பேச்சு! நாபோத்து மறுத்ததற்குக் காரணம் விலை அல்ல. அது மூதாதையரின் உரிமைச் சொத்து.

சிகாகோவில் ஈசபேல் இல்லை, கல்லெறிந்து கொன்றவரும் இல்லை. பூங்கா கேட்ட மக்களும், கட்டிய நகராட்சியும், விற்றவரும் வாங்கியவரும் சட்டப்படியே நடந்தார்கள். எலியா வந்தாலும் யாரிடம் போய் நிற்பார்? நம் பார்வையில் தவறு வரிசையில் இருக்கிறது. முதலில் குடியிருப்போரின் வீட்டுக்குப் பாதுகாப்பு, பிறகு தோட்டம் என்றிருக்க வேண்டியது, தலைகீழாக நடந்தது.

பாதை திறக்கப்பட்ட அதே 2015 ஜூன் மாதத்தில்தான், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் 'இறைவா உமக்கே புகழ்' திருமடல் வெளியானது. நகரங்களில் பாதுகாப்பானவை எனப்படும் பகுதிகளுக்கு அழகிய பசுமை வெளிகள் கிடைப்பதையும், ஒதுக்கப்பட்டோர் வாழும் இடங்களுக்கு அவை கிடைக்காததையும் அதன் 45-ஆம் பத்தியில் அவர் சுட்டிக்காட்டுகிறார். சிகாகோவில் ஒரு படி மேலே போனது. பசுமை ஏழையின் வாசலுக்கு வந்தது, வாசலுக்குச் சொந்தக்காரர் மாறினார்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. ஊர்வலம் போனார்கள், நகர மன்றத்தில் சாட்சியம் சொன்னார்கள். 2021-இல், பாதையை ஒட்டிய பகுதியில் வீட்டை இடிப்பவர் குறைந்தது 15,000 டாலர் கட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. பணக்காரருக்கு அது பெரிய தொகையாகத் தெரியவில்லை. 2024 செப்டம்பரில் அதை 60,000 டாலராக உயர்த்தி, கட்டடம் விற்பனைக்கு வந்தால் வாங்கும் முதல் வாய்ப்பு அங்கே குடியிருப்போருக்கே என்றும் சேர்த்தார்கள். பாதையின் மேற்கு முனை அருகே, பழைய கையுறைத் தொழிற்சாலை இருந்த நிலத்தில், குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்றும் எழுந்திருக்கிறது. முதற்கட்டத்தில் 89 வீடுகள். அதன் பெயரிலுள்ள 'என்குவெந்த்ரோ' என்ற இஸ்பானியச் சொல்லுக்குச் சந்திப்பு என்று பொருள்.

சட்டம் வரும்முன் வெளியேறிய குடும்பங்களை அது திருப்பி அழைத்து வராது. பாதையின் கிழக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால், வானதூதர்களின் புனித மரியா ஆலயத்தின் பெரிய குவிமாடம் தெரியும். போலந்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் காசு சேர்த்துக் கட்டி, 1920-இல் முடித்த ஆலயம் அது. இன்று அதைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு தொழிலாளர் குடும்பம் புதிதாக வீடு வாங்குவது மிகக் கடினம்.