தண்ணி நோட்டு மாடியில்... பேதி நோட்டு கீழே!

உங்கள் தெருவில் இன்றைக்கு நாலு வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். 'நேத்து கடை பஜ்ஜி சாப்பிட்டான், அதான்' என்பீர்கள் நீங்கள். எதிர் வீட்டில் 'வெயில் சூடு' என்பார்கள். கோடி வீட்டில் 'பல் முளைக்குது' என்பார்கள். நாலு பேரும் நாலு டாக்டரிடம் போவீர்கள். நாலு வீட்டுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் தண்ணீர் வருகிறது என்பது யாருக்குமே தோன்றாது!

உங்களைக் குறை சொல்லவில்லை. தோன்ற வேண்டிய இடத்திலேயே தோன்றுவதில்லையே, அதுதான் என் ஆதங்கம்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன ஊரில் பிராக்டீஸ் செய்துகொண்டிருந்தேன். ஒரே வாரத்தில், ஒரே தெருவிலிருந்து வரிசையாகப் பேதி கேஸ்கள். மனசு கேட்காமல் நகராட்சி ஆபீசுக்குப் போனேன். கீழே சுகாதாரப் பிரிவு. 'எங்களுக்கு ஒண்ணும் தகவல் வரலையே டாக்டர்' என்றார்கள். மாடியில் குடிநீர்ப் பிரிவு. அங்கே புகார் நோட்டைப் புரட்டினால்... அதே தெரு! 'தண்ணீரில் சாக்கடை வாடை' என்று ஆறு நாள் முன்பே ஒரு அம்மாள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கும் முந்தின வாரம் அங்கே பள்ளம் தோண்டியது இன்ஜினீயரிங் பிரிவின் நோட்டில் இருந்தது. மூன்று நோட்டும் ஒரே கட்டடத்தில்தான். நடுவே ஒரு மாடிப்படி. அதில் ஏறி இறங்க யாருக்கும் உத்தரவு இல்லை, அவ்வளவுதான்.

'நம்ம ஊர் லட்சணம் அப்படி' என்று பெருமூச்சு விடாதீர்கள். அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது.

மில்வாக்கி என்று ஒரு நகரம். மிச்சிகன் ஏரித் தண்ணீரை இரண்டு நிலையங்களில் சுத்தம் செய்து ஊருக்கு அனுப்புகிறார்கள். 1993 மார்ச் கடைசியில், தெற்கு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் கலங்கல் கூடுகிறது. மார்ச் 28-லும் 30-லும் அது 1.7 யூனிட்டைத் தொட்டது. நன்றாகச் சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு யூனிட்டில் சிறு பங்குதான் இருக்கும். நிலையத்துக்காரர்கள் இதைக் குறித்து வைத்தார்கள். 'என்ன ஸார், தண்ணி கலங்கலா வருது?' என்று வீடுகளிலிருந்து போன் வந்தது. அதுவும் ஒரு இடத்தில் பதிவானது. மருந்துக் கடைகளில் பேதி மாத்திரை மளமளவென்று தீர்ந்தது. பள்ளிக்கூடங்களில் டீச்சரும் வரவில்லை, பிள்ளைகளும் வரவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர்களே லீவு போட்டார்கள். எல்லாமே எங்கேயோ ஒரு ரிஜிஸ்டரில் இருந்தது. ஆனால் தனித்தனியாக!

ஏப்ரல் 5-ந் தேதி இந்த 'லீவு'க் கணக்கு மாநில சுகாதாரத் துறையின் காதுக்கு எட்டியது. 7-ந் தேதி இரவுதான் 'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று மேயர் அறிவித்தார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. சுமார் 16 லட்சம் பேர் வாழும் பகுதியில், கிட்டத்தட்ட 4,03,000 பேருக்கு நோய் கண்டதாகப் பின்னால் மதிப்பிட்டார்கள். 50-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் எய்ட்ஸ் நோயாளிகள். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களைத்தான் இந்தக் கிருமி கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் என்பது அதன் பெயர். குளோரினுக்கெல்லாம் அசையாது. கொதிக்கும் தண்ணீரில் செத்துவிடும்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் என்ன தெரியுமா? அந்தத் தண்ணீர் அன்றைய அரசு விதிகளின்படி 'பாஸ்'! ஒவ்வொரு நோட்டும் தனக்குத் தானே சரியாகத்தான் இருந்தது. நோய் பரவிய பிறகு ஆராய்ச்சியாளர்கள் கலங்கல் கணக்கு, புகார்கள், முதியோர் இல்லப் பேதிக் கணக்கு, மருந்துக் கடை விற்பனை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புகார் போன்களும் முதியோர் இல்லங்களும் நல்ல எச்சரிக்கை மணியாக இருந்திருக்கும் என்பது புரிந்தது. எல்லாரையும் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் அளக்க மாட்டேன். கிருமி வயிற்றுக்குள் போய் நோயாக வெளிப்படவே ஒரு வாரம் வரை ஆகும். ஆனால் சில நாட்கள் முன்னதாகக் கொதிக்க வைத்திருந்தால், அந்தச் சில நாட்களில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் தப்பியிருப்பார்கள் இல்லையா?

'அதான் இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் வந்துடுச்சே டாக்டர்!' என்பீர்கள். வந்துவிட்டது. 2021-லிருந்து ஐ.எச்.ஐ.பி. என்ற நோய்க் கண்காணிப்பு முறை நாடு முழுக்க வந்து, ஆஸ்பத்திரிகளின் வயிற்றுப்போக்குக் கணக்கு அதில் ஏறுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தக் குழாய்த் தண்ணீர் என்று அதோடு சேர்த்துப் பார்த்தால்தானே பலன்? சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1978-லிருந்து குடிநீரும் பாதாளச் சாக்கடையும் தனி வாரியத்தின் பொறுப்பு. நோய்த் தடுப்பு மாநகராட்சியின் பொறுப்பு. வேலையைப் பிரித்ததில் தப்பில்லை. தகவலும் அப்படியே பிரிந்து நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

இரண்டையும் இணைக்கிற கயிறு எது? உங்கள் வீட்டு விலாசம்!

1854-ல் லண்டனில் காலரா வந்தபோது, டாக்டர் ஜான் ஸ்நோ செய்ததும் அதுதான். (தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்றிய கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கதை.) ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. ஸ்நோ, இறந்தவர்களின் விலாசத்தைப் பதிவாளரிடம் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், 'உங்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர்?' என்று கேட்டார். வாடகைக்கு இருந்த பலருக்குத் தெரியவில்லை. மனுஷன் விடவில்லையே! ஒரு கம்பெனியின் தண்ணீரில் உப்பு அதிகம். சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். சாக்கடை கலந்த ஆற்றுத் தண்ணீரை எடுத்த கம்பெனியில் 10,000 வீடுகளுக்கு 315 சாவு. ஆற்றின் மேல்பக்கம் போய் நல்ல தண்ணீர் எடுத்த கம்பெனியில் 37 சாவுதான்.

விலாசத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிளின்ட். 2014 ஏப்ரலில் அங்கே குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கப் போடவேண்டிய மருந்தைப் போடவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் தண்ணீரில் இறங்கியது. மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், தன் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு எடுத்திருந்த ரத்தப் பரிசோதனைகளை வீட்டு விலாசத்தோடு சேர்த்துப் பார்த்தார். ஈயம் மிகுந்த குழந்தைகள் 2.4 சதவிகிதத்திலிருந்து 4.9 ஆக, இரண்டு மடங்காகியிருந்தார்கள். மாநில அதிகாரிகளோ முதலில் மறுத்தார்கள். காரணம், அஞ்சல் குறியீட்டு எண்படி கணக்குப் பார்த்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காத அக்கம்பக்கத்து ஊர்க் குழந்தைகளும் அதில் சேர்ந்துவிடுவார்கள். கணக்கு நீர்த்துப் போய்விடும்! 2015 அக்டோபரில்தான் பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள். அப்புறம் எந்த வீட்டுக்கு ஈயக் குழாய் என்று தேடப் போனால், அந்த விவரம் சுமார் 45,000 அட்டைகளில் பென்சில் குறிப்புகளாக இருந்ததாம்.

நம் ஊரிலோ பழைய நம்பர், புதிய நம்பர் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவிலக்கம். ஆஸ்பத்திரிச் சீட்டில் பழையது, தண்ணீர் வரி ரசீதில் புதியது. எந்தக் கம்ப்யூட்டர்தான் பாவம், என்ன செய்யும்? லட்சக்கணக்கில் சாஃப்ட்வேர் வாங்குவதற்கு முன்னால் இதைச் சீர்செய்யச் சொல்லுங்கள். நமக்கு இது இன்னும் அவசியம். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் ஓடுகிற குழாயில் அழுத்தம் இருக்கும், வெளியே உள்ளது உள்ளே வராது. நம் குழாய்களில் பெரும்பாலும் சில மணி நேரம்தான் தண்ணீர். நின்றபிறகு அழுத்தம் குறையும்போது, விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் முதல் குடம் கலங்கலாக வருவது பல சமயம் இதனால்தான்.

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. ஊர்ப் படம் ஒன்று. வாடைப் புகார் வந்த வீட்டுக்கு ஒரு நிறக் குண்டூசி. குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போன இடத்துக்கு இன்னொரு நிறம். பள்ளம் தோண்டிய தெருவுக்கு ஒன்று. பேதி கேஸ் வந்த தெருவுக்கு ஒன்று. கமிஷனர் தினம் காலையில் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பாரானால் ரொம்ப சந்தோஷம். 'ஜனங்க பீதியாயிடுவாங்க' என்று ஒரு சாக்குச் சொல்வார்கள். பேதியைவிடப் பீதி எவ்வளவோ மேல்!

நீங்களும் ஒன்று செய்யலாம். தண்ணீரில் வாடை வந்தால் மோட்டாரைத் திட்டிவிட்டுக் கேன் வாங்கப் போய்விடாதீர்கள். புகார் கொடுங்கள். தேதி, நேரம், கதவிலக்கம் இரண்டும், தெரு எல்லாம் எழுதி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்தபடியே டாக்டரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள், குழாயா, லாரியா, கேனா என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலும் இதே கதையா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

இப்போதெல்லாம் நான் பேதி கேஸ் சீட்டில் மருந்துக்கு மேலே தெருப் பெயரையும் தண்ணீர் எது என்பதையும் எழுதிவிடுகிறேன். 'தெரு பேரெல்லாம் எதுக்கு டாக்டர், வீட்டுக்கு வரப்போறீங்களா?' என்று போன மாதம்கூட ஒரு அம்மா சிரித்தார். அதே தெருவிலிருந்து மூன்றாவது சீட்டு வந்தால், அன்றைக்கே சுகாதார அலுவலருக்கும் குடிநீர் இன்ஜினீயருக்கும் ஒரே நேரத்தில் போன் செய்கிறேன்.