சமவெளிக்கு ஏற்ற ஆர்க்கிட் எது?

வீட்டுத் தாழ்வாரத்தில் ஆர்க்கிட் வளர்த்துச் சிறு வருமானம் பெறலாம் என்ற ஆர்வம் நம் விவசாயக் குடும்பங்களில் வளர்ந்து வருகிறது. ஆர்வம் நல்லதே. ஆனால் பலர் பூவின் அழகைப் பார்த்துச் செடி வாங்குகிறார்கள். தம் ஊரின் இரவு வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. நட்டம் இங்கேதான் தொடங்குகிறது.

தஞ்சைப் பகுதி விவசாயி ஒருவர் சிம்பிடியம் தொட்டி ஒன்றை என்னிடம் கொண்டு வந்தார். கண்காட்சியில் பூவோடு வாங்கியதாம். மூன்று ஆண்டுகளாக இலை செழித்ததே தவிர, ஒரு பூந்தண்டுகூட வரவில்லை. உரத்தை மாற்றி மாற்றி இட்டுப் பணத்தைச் செலவழித்திருந்தார். குறை உரத்தில் இல்லை. பெரிய பூச் சிம்பிடியம் இமயமலைச் சாரல் இனங்களிலிருந்து உருவானது. மொட்டுக் கட்ட அதற்கு இரவில் 10 முதல் 15 டிகிரி சென்டிகிரேடு குளிர் வேண்டும். உதகையில் இது கிடைக்கும். தஞ்சையில் மார்கழி இரவும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

பெலனாப்சிஸ் நடுத்தரமானது. 28 டிகிரி வெப்பத்தில் இலை நன்கு வளரும். ஆனால் பூந்தண்டு கிளம்பச் சில வாரங்கள் 26 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். கோவை போன்ற இடங்களில் பனிக்காலத்தில் முயன்று பார்க்கலாம்.

சமவெளிச் சிறு விவசாயி முதலில் எடுக்க வேண்டியது டெண்ட்ரோபியம் என்பதே என் கருத்து. ‘சோனியா’ போன்ற இரகங்களுக்குப் பகலில் 25 முதல் 32 டிகிரியும், இரவில் 18 முதல் 24 டிகிரியும் ஏற்றவை. குளிருக்காகக் காத்திராமல் பூக்கும். எனினும் சித்திரை வெயிலைத் தாங்க உதவி தேவை. 50 சதவீத நிழல் வலை கட்டவும். காலையில் நீர் தெளிக்கவும். நண்பகலில் தரையை நனைத்து வைக்கவும். மொட்டை மாடியில் தொட்டிகளை வைக்கக் கூடாது. பகலில் ஏறிய சூட்டைத் தளம் இரவெல்லாம் வெளிவிடும்.

விற்பனையாளர்கள், செடிக்குத் தேவையான இரவு வெப்பநிலையைத் தொட்டியிலேயே எழுதி ஒட்ட வேண்டும். அதுவரை, வாங்குவோர் அதைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். செடி வாங்கும் முன் உச்ச, குறைந்த வெப்பநிலை காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கித் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். மார்கழியிலும் சித்திரையிலும் குறித்து வாருங்கள். பிறகு பத்துத் தொட்டிகளோடு தொடங்குங்கள்.