நோயும் தாயும்

உடலில் காய்ச்சல் கண்டால் உற்றார் வந்து நலம் வினவுகின்றனர். உள்ளத்தில் நோய் கண்டாலோ வீட்டார் கதவை அடைத்துக்கொள்கின்றனர். அடைத்த கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் படும் துயரை எடுத்துரைக்கும் புதினங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று, ஜெர்ரி பின்டோ ஆங்கிலத்தில் எழுதி 2012ஆம் ஆண்டு வெளிவந்த 'எம் அண்ட் த பிக் ஹூம்'. 2016ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதையும் அது பெற்றது.

மும்பையின் மாஹிம் பகுதியில் உள்ள ஒரு சிறிய வீடே கதைக்களம். அங்கு வாழ்வது கோவா வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். தாய் இமெல்டாவைப் பிள்ளைகள் 'எம்' என்றும், தந்தை அகஸ்டினைப் 'பிக் ஹூம்' என்றும் அழைக்கின்றனர். மகள் சூசன், கதையைக் கூறும் மகனுக்குப் பெயரில்லை. எம்மின் மனம் ஒருகால் கட்டற்ற களிப்பில் பொங்குகிறது. மறுகால் ஆழ்ந்த சோர்வில் அமிழ்கிறது. மருத்துவர்கள் இதனை இருமுனைக் கோளாறு என்பர். தம் உயிரையே மாய்த்துக்கொள்ள அவர் பலமுறை முயல்கிறார்.

நோயுற்றவரைத் தெய்வமாக்குவதும் அச்சப்பொருளாக்குவதும் கதைகளில் நாம் பலகாலம் கண்டுவரும் வழக்கம். பின்டோ இரண்டையும் செய்யவில்லை. எம் பீடி புகைக்கிறார், ஓயாது தேநீர் அருந்துகிறார், சொல்லாடலில் எவரையும் வெல்கிறார். அவர்தம் சொற்கள் சில வேளை பிள்ளைகளைச் சுடுகின்றன. சில வேளை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கின்றன. மனநோயைப் பற்றிய நூலில் நகைச்சுவை தகுமா எனச் சிலர் வினவலாம். தகும் என்பதே என் கருத்து. ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது வேறு. ஒருவரைப் பார்த்து நகைப்பது வேறு. எம் சிரிக்கும்போது அவர் நோயாளியாக அன்றி, முழு மனிதராக நம்முன் நிற்கிறார்.

இப்புதினத்தின் பெருந்துயரம், உயிரோடு இருப்பவரை இழந்துகொண்டே இருக்கும் துயரம். அம்மா அருகில்தான் இருக்கிறார். ஆயினும் எந்த அம்மா இன்று விழித்தெழுவார் என்பது எவருக்கும் தெரியாது. தான் பிறந்த பின்னரே தாயின் நோய் வெளிப்பட்டது என்பதை அறிந்த மகன் குற்றவுணர்வில் குமைகிறான். அந்நோய் தன்னையும் பற்றுமோ என அஞ்சுகிறான். மகப்பேற்றுக் காலம் இத்தகைய நோயைத் தூண்டக்கூடும். அதற்குக் குழந்தை பொறுப்பன்று. மரபுவழியால் வாய்ப்பு மிகலாம்; அதுவே விதியாகிவிடாது. இவ்வுண்மைகளை எவரேனும் எடுத்துக்கூறியிருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் நெஞ்சச்சுமை குறைந்திருக்கும்.

கதை நிகழும் காலத்தில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அத்தகையவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படலாகாது என 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் மாறிவிட்டது, நம் நாவு இன்னும் மாறவில்லை. 'பைத்தியம்' என்னும் சொல்லை வகுப்பறையில் நாம் எளிதாக வீசுகிறோம். அருகில் அமர்ந்திருக்கும் தோழனின் வீட்டிலும் ஓர் எம் இருக்கக்கூடும். அவன் வாய்திறந்து பேசவும், அதனைச் செவிமடுக்கவும் இடம் தருவதே நாம் முதலில் செய்யத்தக்கது.